பஞ்சப்படியும் பங்கீட்டு அட்டையும்

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு அலுவலகச் சொற்களை நடத்திக்கொண்டிருந்தேன். டி.ஏ.வுக்குத் தமிழில் அகவிலைப்படி என்றேன். "எங்கள் தாத்தா அதைப் பஞ்சப்படி என்பார். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு ஏது பஞ்சம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வகுப்பில் நேரம் போதவில்லை. பெற்றோர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமலே இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் அறிவித்தார். பம்பாய்க்குப் போர் முதலில் விலைவாசியாகத்தான் வந்து சேர்ந்தது. பஞ்சப்படி கேட்டு 1940-இல் பம்பாய் மில் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். விலை ஏன் ஏறியது? பிரிட்டிஷ் அரசு தன் படைகளுக்காகத் துணி, பூட்ஸ், தானியம் எல்லாம் இங்கே வாங்கியது. அதற்கான பணத்தை லண்டனில் இந்தியாவின் கணக்கில் பவுனாக எழுதி வைத்தது. அதைக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சானது. 1945-க்குள் புழக்கத்தில் இருந்த நோட்டு ஏறக்குறைய ஆறு மடங்காயிற்று. சரக்கோ படைக்குப் போய்விட்டது. வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்ததும், ஒரு ரூபாய் நோட்டு மீண்டும் வந்ததும் 1940-இல். உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா 1943-இல் வந்தது. கடிகாரத்தையும் விடவில்லை: 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்திய நேரம் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது.

பஞ்சப்படி கிடைத்தவர்கள் ஒருவாறு தாக்குப்பிடித்தார்கள். மாதச் சம்பளம் என்ற ஒன்றே இல்லாதவர்கள்? கூலி விவசாயியும் மீனவரும் யாரிடம் போய்ப் படி கேட்பது?

இதற்கு வங்காளத்தில் கிடைத்த விடை கொடுமையானது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. எதிரி கைக்குப் போய்விடக்கூடாது என்று கடலோர வங்காளத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை அரசு அப்புறப்படுத்தியது. அந்த நாட்டில் நெல் போவதும் படகில், மீன் பிடிப்பதும் படகில். அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் அழித்தது. அதே சமயம் கல்கத்தாவின் ஆலை, துறைமுக, ரயில்வே ஊழியர்களுக்கு மலிவு அரிசி கொடுக்க ஏற்பாடு இருந்தது. போருக்கு அவர்கள் கைகள் தேவை. நெல்லை விளைவித்த கிராமத்தவர் 1943-இல் கால்நடையாகக் கல்கத்தா வந்து நடைபாதையில் மடிந்தார்கள். இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் என்பது இன்று பலரும் ஏற்கும் கணக்கு. இயற்கையின் மேல் மட்டும் பழி போட என் மனம் ஒப்பவில்லை. யாருக்கு முதலில் சோறு என்று போர் வரிசை வகுத்தது. கடைசியில் நின்றவர்கள் செத்தார்கள்.

பம்பாய் அந்த வரிசையில் முன்னால் நின்ற ஊர். 1943 மே மாதம் இங்கே உணவுப் பங்கீடு முறையாகத் தொடங்கியது. குடும்பத்துக்கு ஓர் அட்டை, ஆளுக்கு இத்தனை என்று அளவு. அதே ஆண்டு அரசு அமைத்த கிரெகரி குழு, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் எல்லாம் பங்கீடு வேண்டும், வயது வந்த ஒருவருக்கு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம், தானியம் வேண்டும் என்றது. 1946-இல் அது 12 அவுன்ஸ் ஆகச் சுருங்கியது. அதிலும் முழுக்க அரிசி கிடையாது. கோதுமையும் சோளமும் கலந்துதான். மாதுங்காவில் குடியேறிய நம் பாட்டிமார் பலர் சப்பாத்தி இடக் கற்றது ருசிக்காக அல்ல என்பதை இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலையும் மாறியது. மில்களில் இரவு ஷிப்டு சகஜமாயிற்று. நிலக்கரி போதாததால், பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யக்கூடாது என்ற தடையை அரசு 1943-இல் தளர்த்தியது. போர் முடிந்து 1946-இல்தான் தடை திரும்பியது. மேற்கு நாடுகளில் போர் பெண்களுக்கு வேலைக் கதவைத் திறந்தது என்று பெருமையாக எழுதுவார்கள். இங்கே திறந்த கதவுகளில் இதுவும் ஒன்று.

வீட்டு வாடகைக்கு வருவோம். இது நமக்கு நெருக்கமான சங்கதி. போரால் ஊரில் கூட்டம் பெருகி வாடகை ஏறவே, கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1947-ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த வாடகையையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. குடியிருந்தவருக்கு அது பெரிய காப்பு. புதிதாக ஊரிலிருந்து வந்தவருக்கோ பகடிப் பணம் இல்லாமல் அறை கிடைக்காத நிலை. பழைய கட்டடங்களில் இன்றும் நடக்கும் பகடி வழக்குகளைக் கிளறினால் அடியில் அந்தப் போர்க்காலத் தேதி இருக்கும்.

1940-களின் பங்கீட்டு அட்டையோ வாடகை ரசீதோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், மூலத்தை நீங்களே பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒரு நகலை மட்டும் வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த பாடத்தில் பிள்ளைகளே அதைப் படித்துக் கணக்குப் போடட்டும்.