விரிப்புக் கணக்கு

படிப்போம்

கேரளத்தில் ஃபோர்ட் கொச்சி என்று ஓர் ஊர். கடலோர ஊர். வெளிநாட்டிலிருந்தும் வெளியூரிலிருந்தும் மக்கள் பார்க்க வரும் ஊர். இங்கே பலர் தங்கள் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இதை ஹோம்ஸ்டே என்பார்கள். ஒருவர் இரண்டு நாள் தங்குவார். அவர் போனதும் அடுத்தவர் வருவார். ஒவ்வொரு முறையும் கட்டிலுக்கு வெளுத்த விரிப்பு வேண்டும்.

இந்த ஊரில் வெளி என்ற பகுதியில் தோபி கானா இருக்கிறது. 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் இதைக் கட்டியது. வரிசையாகச் சலவைத் தொட்டிகள் இருக்கும். பக்கத்தில் துணி காயும் மைதானம். கொடியில் கிளிப் கிடையாது. முறுக்கிய இரண்டு கயிறுகளின் நடுவே துணியின் முனையைச் செருகி விடுவார்கள். காற்றடித்தாலும் விழாது.

இங்கே வேலை செய்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தினர். டச்சுக்காரர்கள் 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்டார்கள். அவர்களுடைய சிப்பாய்களின் துணியை வெளுக்க வந்தவர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று இவர்கள் சொல்கிறார்கள்.

இங்கே நடப்பதாக ஒரு கதை படிப்போம். ஒரு மாமியார். ஒரு மருமகள். மூன்று அறை உள்ள ஒரு வீட்டுக்கு இருவரும் துணி வெளுத்துக் கொடுத்தார்கள்.

ஒரு நாள் அந்த வீட்டுச் சேச்சி, "ஆறு பெட்ஷீட் போட்டேன். ஐந்துதான் வந்திருக்கிறது" என்றார்.

"நான் ஐந்துதானே சேச்சி எடுத்துப் போனேன்" என்றார் மாமியார்.

"இல்லை, ஆறு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது."

இருவருமே எழுதி வைக்கவில்லை. கூலியில் ஒரு பெட்ஷீட்டின் விலை பிடிக்கப்பட்டது.

அன்று இரவு மாமியார் சாப்பிடவில்லை.

"பணம் போனால் போகட்டும். என்னைத் திருடி என்று நினைத்துவிட்டாரே! நாற்பது வருடமாக இந்தக் கையால் வெளுக்கிறேன்" என்றார்.

மருமகள் கேட்டாள்: "அத்தை, முன்பெல்லாம் துணிக்குக் குறி போடுவீர்களே?"

"ஆமாம். சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவோம். எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. யார் வீட்டுத் துணி என்று அந்தக் குறி சொல்லிவிடும்."

"யார் வீட்டுத் துணி என்று சொல்லும். எத்தனை துணி என்று சொல்லுமா?"

மாமியார் பதில் பேசவில்லை.

மருமகள் முதியோர் வகுப்பில் எழுதப் படித்தவள். மறுநாள் ஒரு நோட்டு வாங்கினாள். கோடு போட்டாள். தேதி, பொருள், வாங்கியது, கொடுத்தது, கையெழுத்து என்று ஐந்து பத்தி. சேச்சி வீட்டு வாசலிலேயே மூட்டையை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினாள். பெட்ஷீட் 6. தலையணை உறை 6. துண்டு 6. ஒரு பெட்ஷீட்டில் கிழிசல் இருந்தது. அதையும் காட்டி எழுதினாள். சேச்சி கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழிந்தது. "இரண்டு துண்டு குறைகிறதே" என்றார் சேச்சி. மருமகள் நோட்டை விரித்தாள். வாங்கியது 4 என்று இருந்தது. பக்கத்தில் சேச்சியின் கையெழுத்து. சேச்சி மாடிக்குப் போய்ப் பார்த்தார். விருந்தினர் குளித்துவிட்டுக் காயப் போட்ட இரண்டு துண்டும் அங்கே கிடந்தன.

"தவறாக நினைக்காதீர்கள் அக்கா" என்றார் சேச்சி, மாமியாரைப் பார்த்து.

முன்பு பிடித்த பணம் திரும்பி வரவில்லை. அதற்குக் கணக்கு இல்லையே! ஆனால் அன்று இரவு மாமியார் மருமகளிடம் நோட்டைக் கேட்டு வாங்கினார். "ஆறு எப்படி எழுதுவது? காட்டு" என்றார்.

தெரிந்து கொள்வோம்

1. ஒரு கட்டிலுக்கு மூன்று சோடி விரிப்பு வேண்டும். ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். மழைக்காலத்தில் துணி காய நாளாகும். அப்போது நான்காவது சோடி கைகொடுக்கும்.

2. நனைக்கும் முன் கறையைப் பாருங்கள். இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க் கறைக்குச் சோப்பும் வெந்நீரும் வேண்டும். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும். பயப்படாதீர்கள். அலசி வெயிலில் போட்டால் மங்கிவிடும்.

3. நோயாளி படுத்த விரிப்பைத் தனியாக வைத்து வெந்நீரில் துவையுங்கள். சொறி சிரங்கு, மூட்டைப் பூச்சி இருந்தாலும் அப்படியே. வெந்நீரில் கையை விடாதீர்கள். கோலால் கிளறுங்கள். துவைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

4. பிளீச்சிங் பவுடரை வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டும், அளவாகப் போடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை அதனோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுப் புகை வரும். மூச்சடைக்கும்.

5. ஈரம் போகக் காய்ந்த பிறகே மடியுங்கள். அரை ஈரத்தில் மடித்தால் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும். அடுத்த விருந்தினர் முகம் சுளிப்பார்.

6. கொடுக்கும்போது எண்ணுங்கள். வாங்கும்போது எண்ணுங்கள். இரண்டு முறையும் எழுதுங்கள். இது வெளுப்பவருக்கும் நல்லது. வீட்டுக்காரருக்கும் நல்லது.

கணக்குப் போடுவோம்

ஒரு கட்டிலுக்கு 2 பெட்ஷீட். வீட்டில் 3 கட்டில். ஒரு கட்டிலுக்கு மூன்று சோடி என்றால், வீட்டுக்கு மொத்தம் எத்தனை பெட்ஷீட் வேண்டும்?

ஒரு பெட்ஷீட் வெளுக்க 20 ரூபாய், தலையணை உறைக்கு 5 ரூபாய், துண்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 6 வெளுத்தால் கூலி எவ்வளவு?

பேசுவோம்

மாமியார் ஏன் அன்று சாப்பிடவில்லை?

எழுதி வைக்காததால் உங்களுக்கு நட்டம் வந்ததுண்டா? வகுப்பில் சொல்லுங்கள்.

உங்கள் தொழிலுக்கு ஒரு கணக்கு நோட்டுப் போடுங்கள். அதில் என்னென்ன பத்தி வேண்டும்?