பொதுக் கட்டிடங்களும் அவற்றின் மராமத்தும்

மராமத்து என்னும் சொல் நம் கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்ததே. அரபி மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாக நவாபுகளின் கச்சேரிகளில் புகுந்து, பின்பு தமிழிலும் வந்து தங்கிவிட்ட சொல் அது. அதன் பொருள் பழுது பார்த்தல் என்பது மட்டுமே. புதிதாகக் கட்டுதல் என்ற பொருள் அதற்குக் கிடையாது. ஆயினும், இங்கிலீஷில் பொது வேலைகளுக்கான இலாகா என்று பெயர் பெற்ற ஓர் இலாகாவை நம்மவர் நெடுங்காலம் பொது மராமத்து இலாகா என்றே அழைத்து வந்தனர். ஏரிக்கரையும் கலங்கலும் சத்திரமும் பாலமும் முன்பே இருந்தன; அவை இடியாமல் காப்பதே சர்க்காரின் வேலை என்று குடிகள் எண்ணியிருந்தனர் போலும். இப்போது அதன் பெயர் பொதுப்பணித் துறை. பெயரிலிருந்து பழுது பார்த்தல் மறைந்துவிட்டது.

மணலி முதலிய கிராமங்கள் அடங்கிய பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் பொதுக் கட்டிடங்களைப் பழுது பார்க்கும் பொறுப்பு எவரெவர் கையில் இருந்தது, எப்படிக் கை மாறியது என்பதே இப்பாடத்தின் விஷயம். ஒரு கட்டிடம் பணமில்லாமையால் கெடுவதைக் காட்டிலும், இது இன்னார் பொறுப்பு என்று சொல்ல ஆளில்லாமையால் கெடுவதே அதிகம். சொந்தக் கட்டிடமோ கிடங்கோ உடைய ஐக்கிய சங்கங்களின் அங்கத்தினர்கள் இதை மனத்தில் இருத்திப் படிக்க வேண்டும்.

பூர்வத்தில் சத்திரமோ தண்ணீர்ப் பந்தலோ கட்டிய தர்மவான், கட்டிடத்தோடு நில்லாமல் அதற்கென்று நிலமும் விட்டுப் போவது வழக்கம். அந்நிலத்தின் மகசூலில் ஒரு பகுதி அன்னத்துக்கும், ஒரு பகுதி சிப்பந்திகளுக்கும், ஒரு பகுதி பழுது பார்ப்பதற்கும் செல்லும். அதாவது கட்டிடம் தன் செலவுக்குத் தானே ஒரு வயலை உடையதாய் இருந்தது. நாளடைவில் தர்மகர்த்தாக்களிற் சிலர் மகசூலை உண்டு கட்டிடத்தை மறந்தனர். இதைத் தடுக்கவே சென்னை சர்க்கார் 1817-ஆம் வருஷத்திய 7-ஆவது ரெகுலேஷனை இயற்றினர். அதன் தலைப்பிலேயே பாலங்கள், சத்திரங்கள், ஏனைய பொதுக் கட்டிடங்கள் ஆகியவற்றின் பராமரிப்பும் பழுது பார்த்தலும் என்ற வாசகம் இருக்கிறது. மான்ய நிலத்தின் வருமானம் உரிய காரியத்துக்குச் செல்கிறதா என்று மேற்பார்க்கும் பொறுப்பு ரெவினியூ போர்டுக்கு அளிக்கப்பட்டது. கோயில்களும் மசூதிகளும் முதலில் இதில் அடங்கியிருந்தன. 1863-ஆம் வருஷத்து 20-ஆவது சட்டத்தால் சர்க்கார் அவற்றிலிருந்து விலகிக்கொண்டனர். சத்திரங்களும் பாலங்களும் பழைய ரெகுலேஷனின் கீழேயே நின்றன.

இங்கிலாந்திலும் காரியம் ஏறக்குறைய இவ்வாறே நடந்திருக்கிறது. அங்கே கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்ற பிரிவு. பழுதான ஒரு பாலத்தைச் செப்பனிட வேண்டியவர் இன்னார் என்று காட்ட முடியாதபோது அந்தக் கவுண்டியின் குடிகளே அதை ஏற்க வேண்டும் என்று எட்டாவது ஹென்றி அரசர் காலத்திலேயே, 1530-ஆம் வருஷத்தை ஒட்டி, சட்டம் ஏற்பட்டது. பொறுப்பாளி இல்லாத பொதுச் சொத்து இருக்கக் கூடாது என்பதே அதன் கருத்து.

நிற்க. அக்காலத்துக் கட்டிடங்கள் எவ்வாறு கட்டப்பட்டன என்பதைச் சற்று விரிவாகக் கூறினால்தான் பழுது பார்த்தல் என்ன வேலை என்பது விளங்கும்.

எண்ணூர், பழவேற்காடு காயல்களில் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே இப்பக்கத்துக் கட்டிடங்களுக்கு உயிர். அதனோடு மணலைச் சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலந்து காரை கூட்டினார்கள். மெருகுப் பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் சேர்ப்பதுண்டு. சென்னைச் சுண்ணாம்பு சலவைக்கல்லை ஒக்கும் என்று வெளிநாட்டார் வியந்து எழுதினர். தாலுகா கச்சேரி, ஆஸ்பத்திரி, பிரயாணிகள் பங்களா முதலியவற்றின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்றது. தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக, குத்துவாட்டில் நெருக்கி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக அமர்ந்து, கடுக்காய் வெல்ல நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி அதை இறுகச் செய்வார்கள். கட்டை மேலெழும்பிக் கணீரென்று ஒலிக்கும் வரையில் தட்ட வேண்டும் என்பது கொத்தர்களின் கணக்கு. இறுதியில் தட்டோடு பதித்து, மழைநீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுப்பார்கள்.

இத்தளம் நூறு வருஷம் நிற்கும். ஆனால் ஆண்டுதோறும் ஒருவர் அதன்மேல் ஏறிப் பார்க்க வேண்டும். தட்டோட்டுச் சந்தில் மயிரிழை போன்ற கீறல் விட்டால் ஒரு கூடைக் காரையில் அதை அடைத்துவிடலாம். அடைக்காவிட்டால் ஐப்பசி மழை அதன் வழியாக இறங்கும். அந்நீர் உத்தரத்தின் நடுப்பகுதியைக் கெடுப்பதில்லை. அது காற்றுப்பட்டு உலர்ந்துவிடும். சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியே முதலில் மக்கும். அங்கேதான் கறையானும் சேரும். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு உத்தரம் பழுதற்றதாகவே தோன்றும். ஒரு நாள் நுனி விட்டு, தளம் முழுவதும் கீழே வந்த பின்னரே விஷயம் தெரியவரும். வருஷந்தோறும் சுண்ணாம்பு அடிப்பதும் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. அது சிறு கீறல்களில் இறங்கி, காற்றோடு சேர்ந்து கல்லாகி, அவற்றை மூடிவிடுகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நம் வழக்கம், மழைக்காலம் முடிந்ததும் செய்யும் வருஷாந்தர ரிப்பேரே ஆகும்.

பிற்காலத்தில் நேர்ந்த ஒரு தவறையும் இங்கே குறிப்பிட வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் பூச்சு உதிர்ந்தவுடன் சிமெண்டால் பூசிவிடுவது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. சிமெண்டு நீரை உள்ளே விடாது என்பதே அதற்குச் சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் நீரை அது வெளியேயும் விடாது. மணலி போன்ற தாழ்ந்த, உவர் கலந்த நிலத்தில் அடிச்சுவர் எப்போதும் ஈரத்தை உறிஞ்சிக் கொண்டிருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல வெளிவிட்டு உலர்த்தும். சிமெண்டுப் பூச்சுக்குள் அகப்பட்ட ஈரமும் உப்பும் செங்கல்லையே பொரியச் செய்துவிடுகின்றன. பூச்சு புதிது போல் நிற்க, உள்ளே செங்கல் மாவாகிவிடும்.

இனிப் பொறுப்பின் கதைக்குத் திரும்புவோம். 1852-ஆம் வருஷத்தில் சென்னை ராஜதானியின் பொது வேலைகளை ஆராய ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. அப்போது ஏரி, கால்வாய், சிவில் கட்டிடங்கள் ரெவினியூ போர்டின்கீழ் இருந்த மராமத்துப் பகுதியிடமும், ராணுவக் கட்டிடங்கள் மிலிடெரி போர்டிடமும், ரஸ்தாக்கள் வேறொரு பகுதியிடமுமாகப் பிரிந்து கிடந்தன. இவற்றை ஒன்றாக்கி 1858-இல் பொது மராமத்து இலாகா அமைக்கப்பட்டது. அதன் விதிகள் வேலைகளை இரண்டாகப் பிரித்தன: ஒன்று புது வேலை, மற்றொன்று ரிப்பேர். ரிப்பேரும், ஆண்டுதோறும் செய்யும் சாதாரண ரிப்பேர் என்றும், எப்போதாவது நேரும் விசேஷ ரிப்பேர் என்றும் இருவகையாயிற்று. ஒவ்வொரு கட்டிடமும் ஒரு ரிஜிஸ்தரில் பதிவாக வேண்டும் என்பதும் விதி. இவ்விதி மிகச் சிறந்தது. குறை யாதெனில், புது வேலைக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு; ரிப்பேருக்கு அவை இல்லை. ஆகவே கஷ்ட காலத்தில் முதலில் குறைக்கப்படுவது ரிப்பேர்த் தொகையாகவே இருக்கிறது.

இதற்குச் சேப்பாக்கம் அரண்மனையே சாட்சி. நவாபு முகம்மது அலி வாலாஜா 1768-ஐ ஒட்டிக் கட்டுவித்த அம்மாளிகை, 1855-இல் கடைசி நவாபு காலமான பின்னர் ஏலத்துக்கு வந்து சர்க்கார் வசமாயிற்று. ரெவினியூ போர்டும் மராமத்து இலாகாவுமே அதில் குடியேறின. ராபர்ட் சிஸ்ஹோம் என்ற கட்டிடக் கலைஞர் அதற்குப் புதிய பகுதிகளைச் சேர்த்தார். ராஜதானியின் கட்டிடங்களையெல்லாம் காக்கக் கடமைப்பட்ட இலாகா குடியிருந்த இடத்திலேயே, ஹுமாயூன் மகாலின் தளங்கள் இடிந்து விழுந்தன. 2012 ஜனவரியில் கலச மகால் தீக்கிரையாகி, தீயணைக்க வந்த அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பின்பு அதே இலாகா, பழைய முறைப்படி சுண்ணாம்பு அரைத்து, தேக்கு உத்தரம் போட்டு, கலச மகாலை மீண்டும் எழுப்பியது. இப்போது அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நடைபெறுகிறது. மறந்துபோன கைவேலையைத் தேடிப் பிடித்து மீட்டது பாராட்டத் தக்கதே.

கிராமங்களுக்கு அருகிலிருந்த கட்டிடங்களின் கதை வேறு. 1871-ஆம் வருஷத்து லோகல் பண்டு சட்டத்தால் நிலவரியோடு ஒரு செஸ் வசூலிக்கப்பட்டு, ரஸ்தா, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்திரம் ஆகியவற்றுக்குச் செலவாயிற்று. 1884-இல் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று படிகள் ஏற்பட்டன. 1920-இல் அச்சட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. 1934-இல் தாலுகா போர்டுகள் எடுபட்டன. அவற்றின் கட்டிடங்கள் ஜில்லா போர்டுகளிடம் சென்றன. 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தின் பின் ஜில்லா போர்டுகளும் மறைந்து, ஆரம்பப் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன்களிடம் வந்தன. 1981-இல் அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் சர்க்கார் ஊழியர்களாயினர். கட்டிடங்களோ யூனியனிடமே நின்றன. பாடம் நடத்துபவர் ஓர் இலாகா, கூரைக்குப் பொறுப்பாளி வேறோர் இலாகா என்ற நிலை அவ்வாறு ஏற்பட்டது. இதற்கிடையில் 1859 முதல் சைதாப்பேட்டையில் இருந்த ஜில்லாவின் தலைமை ஸ்தலம் 1968-இல் காஞ்சீபுரத்துக்குப் போயிற்று. 1997-இல் திருவள்ளூர் தனி ஜில்லாவாயிற்று. 2011-இல் மணலி சென்னை மாநகராட்சியில் சேர்ந்து அதன் இரண்டாவது மண்டலமாயிற்று. அப்படிச் சேர்ந்த பகுதிகளின் பள்ளிகளோ பல வருஷம் கழித்தே மாநகராட்சி வசமாயின.

இத்தனை கைமாற்றத்திலும் நிலத்தின் பட்டாவும் மேஜை நாற்காலிகளின் ஜாபிதாவும் ஒழுங்காகக் கை மாறியிருக்கும். எந்த உத்தரத்தின் நுனி நனைந்திருக்கிறது, எந்தத் தூம்புவாய் அடைபடும் என்ற அறிவு மட்டும் எந்த ஜாபிதாவிலும் ஏறுவதில்லை. அது பழைய மேஸ்திரியின் தலையில் இருந்தது; அவரோடு போயிற்று.

நம் சங்கங்களுக்கு வருவோம். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் முதன்முதல் ஏற்பட்ட கிராம நாணய சங்கம் நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் ஏற்பட்டதே என்பது அங்கத்தினர் பலரும் அறிந்த பெருமை. சங்கங்கள் தொடக்கத்தில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடந்தன; பின்பு கட்டிட நிதி சேர்த்துச் சொந்த இடம் கட்டின. கட்டிட நிதி என்று ஒரு தலைப்பை வரவு செலவுக் கணக்கில் எல்லாச் சங்கங்களிலும் காணலாம். மராமத்து நிதி என்று ஒரு தலைப்பைக் காண்பது அரிது. தேய்மானம் என்று வருஷந்தோறும் ஒரு தொகையை எழுதுகிறோம். அது காகிதத்தில் கட்டிடத்தின் மதிப்பைக் குறைப்பதோடு சரி. பழைய தர்மவான் விட்ட வயலைப் போல, கிடங்கு வாடகையில் இத்தனை பங்கு கூரைக்கே என்று பொதுக்குழுவில் தீர்மானித்து, வேறு செலவுக்கு எடுக்காமல் வைத்தல் வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு நிர்வாக அங்கத்தினர் மேஸ்திரியோடு மாடியில் ஏறி, தூம்புவாயில் சருகு எடுத்து, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைந்து, கண்டதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுத வேண்டும். அந்த நோட்டு சங்கத்தின் சொத்தாகவே இருத்தல் அவசியம். காரியதரிசி மாறினாலும் அது மாறாது.

இன்றையக் கட்டிடங்கள் பெரும்பாலும் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டால் ஆனவை. அவற்றுக்கு மராமத்து வேண்டாம் என்று எண்ணுவோர் பலர். கம்பி துருப்பிடித்தால் பருத்து, தன்னை மூடிய கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். எண்ணூர்க் கடற்காற்றின் உப்பு அதை இன்னும் துரிதப்படுத்தும். 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் மாண்டனர். அதன்பின் ராஜ்யமெங்கும் பள்ளிக் கட்டிடங்கள் சோதிக்கப்பட்டன. பத்தே நாட்களில், டிசம்பர் 27-இல், மணலியை அடுத்த திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகளோடு சரிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் கண்டதைக் குடியிருந்தவர்கள் கவனித்து, கட்டிடம் விழுமுன்பே வெளியேறியிருந்தார்கள். அவர்களிடம் எஞ்சினீயர் படிப்பும் இல்லை, கருவியும் இல்லை.

விரிசலைக் கவனிக்க நாமும் கையாளத்தக்க ஒரு முறை உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இரு பக்கமும் காரை வைத்து அழுத்தமாக ஒட்டி, பக்கத்தில் சுவரிலேயே தேதியை எழுதிவிட வேண்டும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். கண்ணாடி முழுதாக இருந்தால் விரிசல் பழையது; சாவகாசமாக அடைக்கலாம். கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அன்றே மூட்டைகளையும் மனிதர்களையும் வெளியே அனுப்பி, கதவைப் பூட்டி, சாவியைத் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு எஞ்சினீயருக்கு எழுத வேண்டும்.