தெஸ்லாச் சுருளுக்கு எந்தக் கொள்ளளவி?

தீப்பொறி இடைவெளியோடு இயங்கும் தெஸ்லாச் சுருளில் அதிகம் அடிபடும் பாகம் முதற்சுற்றுக் கொள்ளளவி. உயர் வோல்ற்று நிலைமாற்றி அதை ஏற்றுகிறது. இடைவெளியில் பொறி பாய்ந்ததும், அதில் சேர்ந்திருந்த சக்தி முழுவதும் முதற்சுருளுக்குள் இறங்கி, செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை என்ற வீதத்தில் முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. இந்த அலைவின் மீடிறன் துணைச்சுருளின் மீடிறனோடு பரிவுறும்போது உச்சியில் நீண்ட பொறிகள் எழுகின்றன. நிக்கொலா தெஸ்லா 1891இல் இச்சுற்றை அறிமுகப்படுத்திய காலம் முதல், இந்த அடியைத் தாங்கும் கொள்ளளவியைக் குறைந்த செலவில் பெறுவதே செய்பவர்களின் பெரும்பாடு. 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆய்வுகூடத்தில் தெஸ்லாவே உப்புநீர் நிரப்பிய போத்தல்களைத்தான் பயன்படுத்தினார்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பாடசாலை மாணவர்கள் விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தெஸ்லாச் சுருள் செய்யும்போது சுருள் சுற்றுவதில் காட்டும் அக்கறையைக் கொள்ளளவியில் காட்டுவதில்லை. காணொளியில் கண்டதைத் தேடுகிறார்கள். அல்லது, பிள்ளை முதலிடம் எடுக்கவேண்டும் என்ற அவசரத்தில் வீட்டார் வாங்கிக் கொடுத்த பெரிய கப்பாசிற்றரைப் பொருத்திவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் தவறான தேர்வே மிஞ்சுகிறது. சுருளும் நிலைமாற்றியும் ஏற்கெனவே கைவசம் உள்ளன எனக் கொண்டு, கொள்ளளவித் தெரிவை மட்டும் இவ்வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது.

முதலில் கணக்கு

கொள்ளளவியின் பருமனைத் தீர்மானிப்பது நிலைமாற்றி. நியோன் விளம்பரப் பலகைக்கான பழைய இரும்பக நிலைமாற்றி ஒன்று 9,000 வோல்ற்றில் 30 மில்லியம்பியர் தருவதாகக் கொள்வோம். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் 3 இலட்சம் ஓம். இலங்கையின் 50 ஹேட்ஸ் மின்வழங்கலில் அதே தடங்கலைக் காட்டும் கொள்ளளவு ஏறத்தாழ 10.6 நனோபரட். சரியாக இந்தப் பெறுமானத்தை வைப்பது ஆபத்து. இடைவெளியில் பொறி பாயத் தவறினால் வோல்ற்றளவு ஏறிக்கொண்டே போய் நிலைமாற்றியின் காவலியைத் துளைத்துவிடும். நிலையான இடைவெளி உள்ள சுருளுக்கு அதன் ஒன்றரை மடங்களவு, அதாவது 15 நனோபரட், பொருத்தமானது.

9,000 வோல்ற்று ஆடலோட்டத்தின் உச்சம் 12,700 வோல்ற்றைத் தாண்டும். அந்த உச்சத்தில் 15 நனோபரட்டில் சேரும் சக்தி 1.2 யூல் மட்டுமே. ஆனால் 200 கிலோஹேட்ஸில் அலையும் சுற்றில் அது விடுவிக்கப்படும்போது ஓட்டத்தின் உச்சம் 240 அம்பியரைத் தொடும். ஆகவே பார்க்கவேண்டியவை மூன்று: நேரோட்ட வோல்ற்றுத் தாங்குதிறன் நிலைமாற்றியின் வோல்ற்றளவைப்போல் இரண்டு மடங்காவது இருக்கவேண்டும், உயர் மீடிறனில் காவலி சூடேறக்கூடாது, உள்ளேயுள்ள தகடும் இணைப்பும் திடீர் ஓட்டத்தைத் தாங்கவேண்டும். மேலுறையில் எழுதியிருக்கும் மைக்குரோபரட்டும் வோல்ற்றும் இவற்றில் முதலாவதை மட்டுமே சொல்லும்.

உப்புநீர்ப் போத்தல்

காசே செலவாகாத வழி இது. 625 மில்லிலீற்றர் பியர்ப் போத்தலில் கழுத்துக்குக் கீழ்வரை செறிந்த உப்புநீர் நிரப்பி, வெளியே அலுமினியத் தாளை இறுக்கமாகச் சுற்றினால், கண்ணாடியின் தடிப்பைப் பொறுத்து 0.7 நனோபரட் அளவில் கிடைக்கும். 15 நனோபரட்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட போத்தல்களைச் சமாந்தரமாக இணைக்கவேண்டும். ஆனையிறவு உப்பானாலும் கடைப் பைக்கற் உப்பானாலும் வேறுபாடில்லை. நீரின் மேற்பரப்பில் இரண்டு விரற்கடை எண்ணெய் ஊற்றினால் விளிம்பில் ஊதா நிறத்தில் கசியும் மின் அடங்கும். தாளின் மேல்விளிம்பும் நீர்மட்டமும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும்; போத்தலின் கழுத்துப் பகுதி துடைத்து உலர்ந்திருக்கவேண்டும்.

குறைகளும் உண்டு. கண்ணாடி உயர் மீடிறனில் சக்தியை உறிஞ்சிச் சூடேறும், பொறியின் நீளம் குறையும், பாரம் அதிகம். ஆனாலும் ஒரு போத்தல் துளைபட்டால் போவது ஒரு போத்தல்தான். கொள்ளளவு என்பது பரப்பிலும் இடைத்தூரத்திலும் தங்கியிருக்கிறது என்ற பாடத்தைக் கையால் அறிய இதைவிட நல்ல வழி இல்லை. முதற் சுருள் செய்பவர் இங்கிருந்து தொடங்குவதே முறை.

பொலித்தீன் சுருட்டு

அலுமினியத் தாளையும் பொலித்தீனையும் அடுக்கிச் சுருட்டி எண்ணெயில் அமிழ்த்துவது அடுத்த வழி. பொலித்தீனின் சக்தி இழப்பு கண்ணாடியுடையதைவிட மிகக் குறைவு. பசுமைக்குடிலுக்கு விற்கும் 200 மைக்குரோன் விரிப்பில் எட்டு மடிப்பு வைத்தால் 1.6 மில்லிமீற்றர் தடிப்பு வரும். அதில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 12.7 நனோபரட். வீட்டில் கிடக்கும் தறப்பாள் இதற்கு உதவாது. அது நாடாக்களை நெய்து மேலே பூச்சிட்ட துணி. இழைகளுக்கிடையே காற்றுத் தங்கும். சுருட்டிலும் தங்கும் காற்றுக் குமிழே எதிரி. குமிழ் இருக்கும் இடத்தில் மின் கசிந்து பொலித்தீனை அரித்து, ஒருநாள் துளைத்துவிடும். எண்ணெயில் நிமிர்த்தி வைத்துக் குமிழ்கள் வெளியேறும்வரை நாட்கணக்கில் காத்திருப்பவருக்கே இது சரிவரும்.

எண்ணெய் புதியதாக இருக்கவேண்டும். கழித்துவிடப்பட்ட பழைய நிலைமாற்றிகளின் எண்ணெயில் பிசிபி எனப்படும் பொலிகுளோரினேற்றிய பைபினைல்கள் இருக்கக்கூடும். 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் சாசனம் உலகளவில் ஒழிக்கச் சொன்ன நச்சுப் பொருட்களில் இதுவும் ஒன்று. அந்த எண்ணெயைத் தொடவே கூடாது.

விலக்கவேண்டிய சில்லறைகள்

மின்பகு கொள்ளளவிக்கு நேர், மறை முனைகள் உண்டு. ஆடும் ஓட்டத்தில் வெடிக்கும். மின்விசிறிக் கப்பாசிற்றர் மெல்லிய உலோகப் பூச்சுள்ள படலம். தொடர்ச்சியான துடிப்புகளில் பூச்சு எரிந்து கொள்ளளவு தேய்ந்துபோகும். நீலநிற வட்டச் செராமிக் வகைகளிற் பெரும்பாலானவை வோல்ற்றளவும் வெப்பமும் ஏறக் கொள்ளளவை இழக்கும். சுருள் பரிவிலிருந்து விலகிவிடும்.

நுண்ணலை அடுப்பின் கொள்ளளவி

இந்த வழிக்குத்தான் மாணவரிடையே அளவுக்கு மீறிய மதிப்பு. 1 மைக்குரோபரட், 2,100 வோல்ற்று என்று எழுதிய உலோகப் பெட்டி. பழுதான அடுப்பிலிருந்து இனாமாகக் கிடைக்கிறது. காணொளிகளில் கைமொத்தமான பொறி காட்டுகிறது. பார்த்தவர் எல்லாரும் அதையே தேடுகிறார்கள்.

கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. எட்டுப் பெட்டிகளைத் தொடராக இணைத்தால் 125 நனோபரட். மேலே சொன்ன 30 மில்லியம்பியர் நிலைமாற்றியால் அதை ஆயிரம் வோல்ற்றுக்குக்கூட ஏற்றமுடியாது. இடைவெளியில் பொறியே பாயாது. 15 நனோபரட்டுக்கு இறக்கவேண்டுமானால் அறுபத்தேழு பெட்டிகள் வேண்டும். பொறி வராததைக் கண்ட மாணவர் கொள்ளளவியைச் சந்தேகிப்பதில்லை. நிலைமாற்றி போதாது என்று முடிவுசெய்து, அதே அடுப்பின் நிலைமாற்றியையும் கழற்றி மாட்டுகிறார். ஆபத்து அங்கே தொடங்குகிறது.

நியோன் நிலைமாற்றியின் ஓட்டம் அதன் அமைப்பாலேயே மட்டுப்படுத்தப்பட்டது. அதுவும் உயிருக்கு ஆபத்தானதே; விளையாட்டுப் பொருள் அல்ல. அடுப்பின் நிலைமாற்றியோ 2,000 வோல்ற்றில் அரை அம்பியருக்கு மேல் தரவல்லது. நெஞ்சினூடாகச் சில பத்து மில்லியம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்புக் குழம்பிவிடும். அமெரிக்காவில் இதே நிலைமாற்றியால் மரப்பலகையில் மின்கோலம் எரிக்கப் போய்ப் பலர் இறந்தார்கள். அதன்பின் அந்நாட்டு மரக்கடைசலாளர் சங்கம் தன் நிகழ்வுகளில் அச்செயலையே தடைசெய்தது. அனுபவமுள்ளவர்களும் அந்த இறந்தோரில் அடக்கம்.

கொள்ளளவியும் தனியாக ஆபத்தானதே. ஏற்றத்தை மெல்ல இறக்கும் தடையி உள்ளே இருப்பதாக நம்பித் தொடுகிறார்கள். அந்தத் தடையி அறுந்திருந்தால் வெளியே தெரியாது. செருகியைக் கழற்றிய பின்னும் ஏற்றம் அப்படியே நிற்கும். மேலும், இப்பெட்டி 50 ஹேட்ஸுக்காகச் செய்யப்பட்டது. நூற்றுக்கணக்கான அம்பியர்த் துடிப்பு அதன் மெல்லிய உள்ளிணைப்புகளை எரித்து, பெட்டியை ஊதிப் பெருக்கவைக்கும். இனாமாகக் கிடைக்கிறது என்பதற்காக எடுக்கக்கூடாத பொருள் இது. பாடசாலைக் கண்காட்சிக்கு இதை அனுமதிக்கவே கூடாது.

பொலிப்புரொப்பிலீன் தொடர்

செலவையும் தரத்தையும் ஒருங்கே பார்த்தால் சிறந்தது, சிறிய பொலிப்புரொப்பிலீன் கொள்ளளவிகளைத் தொடராக அடுக்கும் முறை. இத்துறையில் பேர்பெற்றது கோர்னெல் டுபிலியர் நிறுவனத்தின் 942சி வகை. 0.15 மைக்குரோபரட், 2,000 வோல்ற்றுக் கொள்ளளவிகள் பத்தைத் தொடராக்கினால் 15 நனோபரட், 20,000 வோல்ற்று. இறக்குமதிச் செலவு தாங்காதவருக்கு இன்டக்சன் அடுப்பின் பரிவுக் கொள்ளளவி உண்டு. 0.3 மைக்குரோபரட், 1,200 வோல்ற்றில் இருபது எடுத்தால் 15 நனோபரட், 24,000 வோல்ற்று. பல கிலோஹேட்ஸில் கடும் ஓட்டம் தாங்கவே அவை செய்யப்பட்டவை. ஆயினும் துடிப்புத் தாங்குதிறன் 942சியைவிடக் குறைவு. ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல், கைவைத்துச் சூடு பார்க்கவேண்டும் — செருகியைக் கழற்றி, ஏற்றத்தை இறக்கிய பிறகு. பழைய குழாய் ரி.வி.யின் கிடைவிலகற் பகுதியிலுள்ள 1,600 வோல்ற்றுக் கொள்ளளவியும் நல்ல இனமே. கொள்ளளவு சில நனோபரட் என்பதால் சிறிய சுருளுக்கு மட்டும் போதும்.

எல்லாம் ஒரே வகை, ஒரே பெறுமானமாக இருக்கவேண்டும். இல்லையேல் ஒன்றின் தலையில் அதிக வோல்ற்று விழும். காய்கறி வெட்டும் பொலித்தீன் பலகையில் துளையிட்டு வரிசையாக நிறுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 4.7 மெகாஓம், அரை வாற்றுத் தடையி இரண்டைத் தொடராக இணைக்கவேண்டும். ஒரே தடையி வைத்தால் அதன் வோல்ற்று எல்லை மீறும். செருகியைக் கழற்றிக் கால் நிமிடத்துக்குள் இவை ஏற்றத்தை இறக்கிவிடும். அதன் பிறகும் காவலிட்ட கோலால் முனைகளைக் குறுக்கிட்ட பின்னரே கைவைக்கவேண்டும். பற்றாசு பிடிக்கும்போது முனை கூராக நீட்டிக்கொண்டிருந்தால் அங்கிருந்து மின் கசியும். உருண்டையாகத் திரளவிடுவது நல்லது.

வன்னியின் சூழல்

மாரியில் ஈரம், முல்லைத்தீவுக் கரையில் உப்புக்காற்று, கோடையில் செம்மண் தூசி. மூன்றும் காவலியின் மேற்பரப்பில் படிந்து மின்னுக்கு வழி திறக்கும். ஓட்டுவதற்கு முன் பலகையையும் போத்தல்களையும் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடவேண்டும்.

பாகம் தேடிப் பழைய இரும்புக் குவியல்களையும் கைவிடப்பட்ட காணிகளையும் கிளறக்கூடாது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கணக்காக மிதிவெடி அகற்றிய பின்னும், வெடிக்காத பொருட்கள் இங்கே நிலத்தில் இன்னும் கிடக்கின்றன. அறிமுகமான திருத்துமிடத்தில், என்ன பொருள் என்று தெரிந்து வாங்குவதே பாதுகாப்பு.

எதைத் தேர்வது

முதற் சுருளுக்குப் போத்தல். காட்சிக்கு வைக்கும் சுருளுக்குப் பொலிப்புரொப்பிலீன் தொடர். பொறுமையும் நேரமும் உள்ளவருக்குப் பொலித்தீன் சுருட்டு. நுண்ணலை அடுப்பின் பாகங்கள் எவருக்கும் வேண்டாம். தனியே நின்று ஓட்டுவது, வீட்டுப் புவித்தொடுப்பில் துணைச்சுருளை இணைப்பது, இதயமுடுக்கி பொருத்தியவரை அருகில் விடுவது ஆகிய மூன்றும் எந்த வகைக்கும் விலக்கு.

கொள்ளளவியைத் தெரிவுசெய்யத் தெரிந்தவர் வேலையைத் தெரிந்தவர். உயர்தரப் பௌதிகவியலில் தொடரிணைப்புக் கணக்கை எல்லாரும் செய்கிறார்கள். இருபது கொள்ளளவிகளையும் ஒவ்வொன்றாக அளந்து, ஒவ்வாததை ஒதுக்கி வைக்கும் கை சிலருக்கே வாய்க்கிறது. அந்தக் கை பெறுபேற்று அட்டையில் தெரியாது. வானொலி திருத்தும் மேசையில் தெரியும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி வராத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. அன்று அதைச் செய்தவர்கள் கையில் இருந்த பொருளின் இயல்பை அறிந்து அதற்கேற்ற வேலையைக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு இதில் நாட்டமிருந்தால் வீட்டார் கொடுக்கவேண்டியது அவகாசம். நாட்டமில்லாத பிள்ளையைப் பரிசுக்காக இதில் தள்ளக்கூடாது. உயர் வோல்ற்று அரைமனதோடு செய்யும் வேலை அல்ல. கண்காட்சி நாள் நெருங்கிவிட்டால் சுருளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே சரியான தெரிவு.