பாட்டரி தீரும் வரை பார்ப்பது படிப்பாகாது

ஸ்பிக் நகர்,
முத்தையாபுரம்.

அன்புள்ள மருமகளுக்கு,

ஒரு பாடத்தை என்.பி.டி.இ.எல்லில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், வாத்தியாரே இல்லாமல் எப்படி மாமா என்று கேட்டிருந்தாய். வாத்தியார் இருக்கிறார், தாயி. 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய இணையவழி வீடியோப் பாட ஏற்பாடு அது. நம் ஊர்ப் பிள்ளைக்கு கரக்பூர் பேராசிரியர் கிடைப்பது சாமானியமில்லை. ஆனால் நீ தூங்கினால் அவர் அதட்டமாட்டார். அதுதான் சிக்கல்.

அவர் கணக்கைப் பலகையில் எழுதி முடித்ததும் வீடியோவை நிறுத்து. நோட்டில் நீயே போட்டுப் பார். தப்பாக வரட்டும், பரவாயில்லை; எந்த வரியில் சறுக்கினாய் என்று தெரிந்த பிறகு மிச்சத்தைக் கேள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு "முடித்துவிட்டேன்" என்பதெல்லாம் சினிமா பார்த்த கணக்குதான். வாராவாரம் வரும் அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டைக் கூட்டாளியிடம் பார்த்து எழுதினால் தேர்வு அறையில் மாட்டிக்கொள்வாய்.

செய்முறை வேறு விஷயம். ஐ.ஐ.டி. டெல்லி முன்னின்று நடத்தும் வர்ச்சுவல் லேப்ஸில் பல சோதனைகளைத் திரையிலேயே செய்யலாம். சோதனையின் வரிசை பிடிபட அது நல்லது. அதோடு நின்றுவிடாதே. லீவுக்கு வரும்போது உப்பளத்துக்குக் கூட்டிப்போகிறேன். பாத்தித் தண்ணீரில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அதன் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்ப்பார்கள். கடல் நீர் 3 டிகிரி சுமாருக்கு இருக்கும். 25-ஐத் தொட்டால் உப்பு விழத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும், அதனால் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். திரையில் முள் ஆடாமல் நிற்கும். இங்கே காற்றில் கண்ணாடிக் குழாய் ஆடும், தண்ணீர் அதன் விளிம்பில் ஏறி நிற்கும், மத்தியான வெயிலில் சூடேறிய உப்புநீர் டிகிரியைக் குறைத்துக் காட்டும். எந்த அளவை நம்புவது? அதை வீடியோவில் அடர்த்திப் பாடம் கேட்டுவிட்டு வந்து நீயே சொல்லு.

புரியாததைப் பாடத்தின் கேள்விப் பகுதியில் எழுதிக் கேள். வெட்கப்படாதே, பதில் வரும். பாடம் இலவசம், தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், கட்டணமும் உண்டு. கடைசித் தேதியைப் பார்த்து எழுது, பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா