கட்டற்ற மென்பொருளும் கடப்பாடும்

கணினிக் கல்வி இன்று பதுளை நகரோடு நின்றுவிடாது பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளை முதலிய பகுதிகளிலுள்ள தோட்டப் பிள்ளைகளையும் எட்டியுள்ளது. 2005ஆம் ஆண்டிலே பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அத்துறையிற் பட்டமும் வழங்குகின்றது. கொழுந்து நிறுவைக் கணக்கு, சம்பளக் கணக்கு, கடைக்கணக்கு ஆகியவற்றுக்கு வேண்டிய மென்பொருளைத் தாமே ஆக்க விழையும் மாணாக்கர்க்குப் பிறர் ஆக்கி உலகிற்கு வழங்கிய கட்டற்ற மென்பொருள் பெருந்துணையாகும். ஆயின், “கட்டற்றது” என்னும் சொல்லைக் கேட்டவுடன், “உரியவர் இல்லாதது, எடுத்தவர்க்கு யாதொரு கடமையும் இல்லை” எனப் பொருள் கொள்வாரும் உளர். அப்பொருள் பொருந்தாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரிமையும் உரிமமும்

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலை நூலோடும் கட்டுரையோடும் ஒருங்கு வைத்துக் காக்கின்றது. எழுதியவர் வாழ்நாள் முழுவதும், அதன் பின்னர் 70 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைபெறும். ஆதலின், ஒருவர் எழுதிய நிரலைப் படியெடுக்கவோ, மாற்றவோ, பிறர்க்கு வழங்கவோ அவர்தம் அனுமதி வேண்டும். அவ்வனுமதியை எல்லோர்க்கும் பொதுவாக, சில நிபந்தனைகளோடு முன்கூட்டியே எழுதிவைத்த பத்திரமே உரிமம் எனப்படும். நிபந்தனையை மீறியவர் அனுமதியையும் இழப்பர்.

நிரலகமும் இணைப்பும்

பல மென்பொருள்களுக்கும் பொதுவான வேலைகளை ஒருமுறை எழுதித் தொகுத்து வைத்ததே நிரலகம். “கொழுந்து” என்னும் சொல்லைத் தட்டெழுதும்போது, கணினி முதலிற் ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் வைத்துக்கொள்கின்றது. திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்றல் வேண்டும். ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகம் செய்வது இத்தகைய பணியே. மென்பொருள் எழுதுவோர் ஒவ்வொருவரும் இதனைப் புதிதாக எழுதவேண்டியதில்லை; தம் மென்பொருளை நிரலகத்தோடு இணைத்துக்கொண்டாற் போதும்.

இணைப்பு இருவகைப்படும். மூலத்தையும் உரையையும் நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மூலம் முழுவதையும் தன் ஏட்டிலேயே எழுதிச் சேர்த்துக்கொண்ட உரை ஒருவகை. இது நிலை இணைப்பு. “இன்ன சூத்திரத்தை மூலத்திற் காண்க” எனச் சுட்டிச் செல்லும் உரை மற்றொருவகை. இது இயங்குநிலை இணைப்பு. இதன்கண், மூலம் தனி ஏடாகப் பொதுவிடத்தில் இருக்கும். திருந்திய பதிப்பொன்று வரின், மூலத்தை மட்டும் மாற்றி வைக்கலாம், உரை கெடாது.

மூவகைக் கடப்பாடு

முதலாவது, எளிய உரிமம். எம்.ஐ.டி. உரிமமும் அதனை ஒத்தனவும் இவ்வகையின. மேற்கூறிய ஹார்ஃப்பஸ் இவ்வகைப்பட்டது. ஆக்கியோரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காது உடன் வழங்குதலே கடமை.

இரண்டாவது, எல்.ஜி.பி.எல். எனப்படும் இடைநிலை உரிமம். 1991இல் நிரலகங்களுக்கென வகுக்கப்பெற்ற இது, 1999இல் இப்போதைய பெயரைப் பெற்றது. லினக்ஸ் கணினிகளின் அடிப்படையான ஜிலிப்சி நிரலகமும், எழுத்துகளை வரியாக அமைக்கும் பாங்கோ நிரலகமும் இதற்கு உட்பட்டவை. இவற்றோடு இணைத்து வழங்குவோர் தம் சொந்த மூலநிரலை வெளியிட வேண்டுவதில்லை. ஆயினும், இன்ன நிரலகம் பயன்பட்டுள்ளது என விளங்க அறிவித்து, உரிமத்தின் படியையும் கொடுத்தல் வேண்டும். நிரலகத்தையும் சேர்த்து வழங்கின், தாம் செய்த மாற்றம் உட்பட அதன் மூலநிரல் கிடைக்கச் செய்தல் வேண்டும். பயன்படுத்துவோர் அந்நிரலகத்தைத் திருத்தி மீண்டும் பொருத்திக்கொள்ள வழிவிடுதலும் கடமையாம். இயங்குநிலை இணைப்பில் இவ்வழி இயல்பாகவே அமைகின்றது. நிலை இணைப்பாயின், மீண்டும் இணைத்துக்கொள்வதற்கு வேண்டிய கோப்புகளையும் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, ஜி.பி.எல். எனப்படும் உறுதியான உரிமம். இதற்கு உட்பட்ட நிரலகத்தோடு இணைத்து வழங்கும் மென்பொருள் முழுவதும் அவ்வுரிமத்தின்கீழ் மூலநிரலோடு வழங்கப்படல் வேண்டும். இயங்குநிலையில் இணைத்தாலும் இதுவே விதி என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கொள்கை. சட்ட அறிஞரிடையே இதுபற்றிக் கருத்து வேற்றுமையும் உண்டு. லிஸ்ப் மொழிக்கான கிளிஸ்ப் என்னும் மென்பொருள் ரீட்லைன் நிரலகத்தைப் பயன்படுத்தியபோது இவ்வினா எழுந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மனோடு கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தபின், 1992இல் கிளிஸ்ப் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வந்தது. எந்நிரலகத்தைச் சேர்ப்பது என்பதை வேலை தொடங்குமுன்னரே ஆராய வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

எம்மவர்க்கு ஆவது என்ன?

தன் வீட்டிலோ அலுவலகத்திலோ தானே பயன்படுத்தும்வரை இவ்வுரிமங்கள் வெளியீட்டுக் கடமை எதனையும் விதிப்பதில்லை. பிறர்க்கு வழங்கும்போதே அது தோன்றும். விலைக்கு விற்றலும் தடுக்கப்படவில்லை.

நிரலகத்தை மாற்றிப் பொருத்தும் உரிமை எதற்கு என வினவலாம். ஒரு தோட்டத்துச் சம்பளச் சீட்டிலே தொழிலாளியின் தமிழ்ப் பெயர் சிதைந்து அச்சாகின்றது எனக் கொள்வோம். குறை நிரலகத்தில் இருந்து, அதுவும் பிரிக்கவியலாதபடி மூடப்பட்டிருந்தால், விற்றவர் மனமிரங்கும்வரை அப்பெயர் சிதைந்தே நிற்கும். உரிமம் பேணப்பட்டிருப்பின், பதுளையிலுள்ள மாணாக்கர் ஒருவரே நிரலகத்தைத் திருத்திப் பொருத்திவிடலாம். அத்திருத்தம் உலகிலுள்ள தமிழர் யாவர்க்கும் பயன்படும்.

கொடுக்கும் இடத்திலும் நம் நாடு நின்றுள்ளது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து ஒழுங்குசெய்ய இலங்கைத் தொண்டர்கள் சகானா என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அது அங்கும் உதவிற்று. சமூக நலனுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு விருது அதற்கே கிடைத்தது.

ஊவாத் தேயிலை கொழும்பு ஏலத்திலே தோட்டத்தின் பெயரால் விற்கப்படுகின்றது. கொழுந்து பறித்த கையின் பெயர் எப்பொதியிலும் இல்லை. உழைத்தவர் பெயர் மறைதல் எத்தகையது என்பதை நம் மலைநாட்டார்க்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின், மாணாக்கர்களே, நீவிர் ஆக்கும் மென்பொருளோடு செல்லும் அறிவிப்பில் நிரலகங்களை ஆக்கியோர் பெயர்களை ஒன்றும் விடாது எழுதுங்கள். துறையறிந்த பழைய மாணவர்கள் அவர்களுக்கு வழிகாட்டுவாராக. இவ்விழா ஆண்டிலே எம் கல்லூரியிலிருந்து புறப்படும் மென்பொருள் ஒவ்வொன்றும் கடன் தீர்த்த கையோடு செல்க.