புறநகர் நடுநிலைப் பள்ளி: ஆறும் எட்டும்

முன்னுரை

உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றியும் கல்லூரிகளைப் பற்றியும் பேசுவோர் பலர். ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகளைக் கொண்ட நடுநிலைப் பள்ளியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. தாம்பரம் சார்ந்த தென்சென்னைப் புறநகரின் அரசு நடுநிலைப் பள்ளிகளை மனத்திற் கொண்டு, அங்குப் பயில்வோர் பெறும் உதவிகளையும் உரிமைகளையும் ஈண்டுக் காண்போம்.

புறநகரும் பள்ளியும்

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்தில் குடிபுகுந்தது. 1984இல் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. ஊர் வளர வளர, பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களும் பெருகின. வாடகை வீடு மாறும்போது பிள்ளையின் பள்ளியும் மாறுகிறது. இத்தகைய குடும்பங்களுக்கு நடந்து செல்லும் தொலைவிலுள்ள அரசுப் பள்ளியே துணை.

உணவுத் திட்டம்

1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய பகலுணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலம் தழுவியது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022இல் வந்த காலை உணவுத் திட்டமோ ஐந்தாம் வகுப்பு வரைக்கே வகுக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் தம்பி காலையில் உண்ண, ஆறாம் வகுப்பு அக்காள் நண்பகல் வரை காத்திருக்க நேர்ந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆறாம் வகுப்பின் அருமை

2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் இதற்குரிய பொது விதி. கட்டாயக் கல்விச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் பயின்று, பின்னர் அரசுப் பள்ளியில் தொடர்ந்தோரும் இதற்குரியவர். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்குவதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடப்பட்டது. ஆகவே, ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கடன்பட்டுக் கட்டணப் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், எதை இழக்கிறோம் என்பதை அறிந்து மாற்றுதல் நன்று. வீடு மாறுவோர் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றைத் தவறாது பெற்றுப் பேணல் வேண்டும்.

எட்டாம் வகுப்பின் இடர்

நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் தரும் உறுதியும் பதினான்கு வயதோடு முடிகிறது. அடுத்த பள்ளி தொலைவில் இருப்பின், பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்துவதும் ஆண் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதும் இவ்வேளையில்தான். அங்கு நின்றுவிட்டால், ஆறாம் வகுப்பில் தொடங்கிய உரிமைகள் யாவும் பயனற்றுப் போகும்.

முடிவுரை

நடுநிலைப் பள்ளி ஒரு பாலம் எனலாம். அதன் மறுகரையில் கைபிடித்து ஏற்றுவோர் தேவை. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை நம் தெருவில் இருப்பின், ‘ஒன்பதாம் வகுப்பு எந்தப் பள்ளியில்?’ என்று சூன் திங்களில் அதன் பெற்றோரைக் கேட்போம். விடை இல்லையெனில், மாற்றுச் சான்றிதழுடன் அடுத்த பள்ளி வரை உடன் செல்வோம். மாணவரும் பெரியோரும் செய்யத்தக்க எளிய கல்வித் தொண்டு இதுவே எனக் கருதுகிறோம்.