சபரிமலை நடை சாத்தியாச்சு, கடலுக்குக் கிளம்புங்க

தை பிற்பாதி முதல் மாசி முடிய: கோவை, திருப்பூர், ஈரோடு வாசகர்களுக்கு

மகரவிளக்கு முடிந்து சபரிமலை நடையும் சாத்தியாகிவிட்டது. இரண்டு மாதமாக இருமுடிக்கட்டுகளால் நிறைந்திருந்த கேரள ரயில்களில் இனி உட்கார இடம் கிடைக்கும். மேற்குக் கடலும் இப்போது அடங்கிக் கிடக்கிறது. பங்குனி பிறந்தால் வெயில் ஏறிவிடும், ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும். கடல் பார்க்கும் ஆசை வீட்டில் யாருக்காவது இருந்தால் இந்தச் சில வாரங்களை விடாதீர்கள்.

சங்கடம் என்னவென்றால், வெளிநாட்டார் கேரளத்தில் குவிவதும் இப்போதுதான். மாராரி, வர்க்கலா, கோவளம் பக்கம் அறை வாடகை கேட்டாலே திரும்பிவிடத் தோன்றும். ஆலப்புழாவில் ஒரு ராத்திரி படகுவீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் நம் வீட்டு ஒரு மாத மளிகை அடங்கிவிடும். அந்தப் பணமெல்லாம் ராத்திரி தங்குவதற்குத்தான். கடலுக்கு யாரும் காசு கேட்பதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வாசலிலேயே குடியிருக்கும் நாம் எதற்காகத் தங்க வேண்டும்? அறையே போடாதீர்கள், போன அன்றே திரும்புங்கள்.

இடம் செறாய். கொச்சிக்கு வடக்கே, வைப்பின் தீவில், ஒரு பக்கம் அரபிக்கடலும் மறுபக்கம் காயலுமாக இருக்கும் கடற்கரை. சென்னையிலிருந்து வரும் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் விடியும் முன்பே கோவை ஜங்ஷனுக்கு வந்துவிடும். வெள்ளென ஏறினால் காலைப் பலகார நேரத்தில் ஆலுவாவில் இறங்கலாம். தூங்கும் வசதி வகுப்பில் போக வர ஆளுக்கு ஏறத்தாழ 400 ரூபாய் ஆகும். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடுகிறது, ஆகவே மாசிக்கான டிக்கெட்டை இன்றே பாருங்கள். ஆலுவா ஸ்டேஷனை ஒட்டியே பஸ் நிலையம். அங்கே வடக்கு பறவூர் பஸ், பறவூரில் இன்னொரு பஸ். போர்டு மலையாளத்தில் இருக்கும், "செறாய் போகுமா?" என்று கேட்டால் நடத்துநரே ஏற்றிக்கொள்வார். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. மகாசிவராத்திரியன்றும் மறுநாளும் மட்டும் இந்தப் பக்கம் தலைகாட்டாதீர்கள். ஆலுவா மணப்புறத்தில் பெரியாற்று மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் இருக்கும்.

பத்து மணி முதல் மூன்று வரை மணலில் இருக்காதீர்கள். அந்த நேரத்துக்குத்தான் பறவூர் இருக்கிறது. பழைய யூத ஜெப ஆலயம், பக்கத்தில் சேந்தமங்கலத்துக் கைத்தறி, பட்டணம் அகழாய்வு நடந்த இடம் என்று வெயில் தாழும் வரை நேரம் போகும். பழைய முசிறித் துறைமுகம் இந்தப் பக்கம்தான் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கொடுமணலில் பட்டை தீட்டிய கல்மணிகளும் படியூரின் பச்சைக்கல்லும் இதே கணவாய் வழியாகத்தான் மேற்குக் கரைக்குப் போயின என்கிறார்கள். நம் முன்னோர் இந்த வழிக்குப் புதியவர்கள் அல்ல.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறே போதும். புளிசாதமும் பருப்புத் துவையலும் மதியம் வரை கெடாது. தயிர்சாதத்துக்குப் பாலை ஊற்றிப் பிசைந்து சிறிது தயிர் மட்டும் விடுங்கள், இல்லாவிட்டால் பறவூர் சேர்வதற்குள் புளித்துவிடும். மீன் வேண்டுமென்றால் கடலைப் பார்த்த மேசை வேண்டாம். ஒரு தெரு உள்ளே தள்ளி, ஆட்டோக்காரர்கள் சாப்பிடும் கடையில் வறுத்த மத்தியும் கப்பையும் கேளுங்கள். பெரிய மீனை எடை போட்டுத்தான் விற்பார்கள். பொரிக்கச் சொல்லுமுன் விலையைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது குளியல். கிணற்றில் குதித்துப் பழகியவர்கள், பவானியில் எதிர்நீச்சல் போட்டவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். கடலில் அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அலை உடைந்து வெள்ளை நுரையாக வரும் இடங்களுக்கு நடுவே, நுரையே இல்லாமல் கறுப்பாக, சாதுவாக ஒரு பட்டை தெரியும். பாதுகாப்பான இடம் போலத் தோன்றும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அதுதான். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை வரும் இடத்துக்கு வந்தபின் திரும்புங்கள். நீச்சலில் நம்பிக்கை இல்லாவிட்டால் அசையாமல் மிதந்தபடி கையைத் தூக்குங்கள். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தை விட்டு விலக வேண்டாம். பிள்ளைகளுக்கு முழங்கால் தண்ணீர் போதும், அதுவும் கையைப் பிடித்தபடி. அலைக்கு முதுகு காட்டாதீர்கள். சேலையோடு பெண்கள் இறங்க வேண்டாம். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும், எழுந்திருக்க முடியாது. சுடிதாரும் ஒரு மாற்றுத்துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முந்தின நாள் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தென்கடலில் கிளம்பிய அலைகள் கேரளக் கரையில் ஏறிவிடும். 2024 மார்ச் 31 அன்று அப்படித்தான் பல ஊர்களில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். அந்த எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள், டிக்கெட் பணம் போனால் போகட்டும்.

மாசியில் சூரியன் ஆறரையை ஒட்டி மறையும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்பவர்கள் ஊர் திரும்பச் சென்னை மெயிலை நம்ப வேண்டாம், அதற்குப் பிந்தைய ரயிலில் பதிவு செய்யுங்கள். பொழுது சாய்ந்தால் செறாயிலிருந்து பஸ் குறைந்துவிடும், பறவூர் வரை ஆட்டோவுக்குக் காசு ஒதுக்கிவையுங்கள். காரில் போகிறவர்கள் வாளையாறு தாண்டும் முன்பே டேங்க்கை நிரப்பிவிடுங்கள், கேரளத்தில் பெட்ரோல் விலை நம்மைவிட அதிகம்.

அப்பாரு, அம்முச்சியைக் கூட்டிப் போவதானால் செறாய் வேண்டாம், இரண்டு பஸ் மாறுவது அவர்களுக்குச் சிரமம். குருவாயூர் போங்கள். காலையில் தரிசனம், கோயிலிலேயே பிரசாத ஊட்டு, மதிய ஓய்வு, நாலரைக்கு மேல் ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் சாவக்காடு கடற்கரை. ஆண்களுக்கு வேட்டி அவசியம், மறந்துவிட்டு அங்கே போய் விலைக்கு வாங்காதீர்கள்.